நற்சான்றுப் பத்திரமும் நம்மவர் பெயரும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் வழக்கமாகச் சமய விஷயமோ இலக்கிய விஷயமோ பேசப்படுவதுண்டு. நான் பொலிஸ் பத்திரம் ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றபோது நமது காரியதரிசி அவர்கள் சற்றுத் தயங்கினார். கடல்கடந்து போன பிள்ளையோ, போகக் காத்திருக்கும் பிள்ளையோ இல்லாத வீடு நம்மிடையே எத்தனை என்று கேட்டேன். உடனே சம்மதித்துவிட்டார்.

வெளிநாடு செல்வோரிடம், குற்றப் பதிவு ஏதும் தம்மீது இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்பது பல நாடுகளின் வழக்கம். கனடாவில் குடியேற விரும்புவோர், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இதனைப் பெற வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு அந்தக் கணக்கு 12 மாதம். நம் நாட்டில் இதை வழங்குவது கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம். விண்ணப்பத்தைக் கணினி வழியாகவே அனுப்பலாம். கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளோடு, எந்த விலாசத்தில் எந்தக் காலம் வசித்தோம் என்பதையும் எழுத வேண்டும். அந்த விலாசத்துக்குரிய பொலிஸ் நிலையமும் விசாரித்துப் பதில் அனுப்பும்.

பத்திரம் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. கட்டாரில் இருக்கும் அதிகாரிக்கு நம் பொலிஸ் அதிகாரியின் கையெழுத்து எப்படித் தெரியும்? ஆகவே பத்திரத்தை வெளிநாட்டமைச்சின் கொன்சியுலர் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அது பத்தரமுல்லையில் உள்ளது; யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை, குருநாகல் ஆகிய இடங்களிலும் கிளைக் காரியாலயங்கள் உண்டு. அமைச்சின் முத்திரை விழுந்த பின்னர், போகும் நாட்டுத் தூதரகம் அந்த முத்திரையை உறுதிப்படுத்தும். ஒரு கையெழுத்துக்கு மற்றொரு கையெழுத்துச் சாட்சி, அதற்கு இன்னொன்று சாட்சி. இந்த ஏணியைக் குறைப்பதற்காகவே 1961ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 'அப்பொஸ்டில்' என்ற ஒரே சான்றோடு காரியம் தீர்ந்துவிடும். இந்தியாவில் அது 2005 முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாடு பல்லாண்டுகள் அதற்கு வெளியே நின்றமையால் நம்மவர் ஏணியின் எல்லாப் படிகளையும் ஏற வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முத்திரைகளில் எதுவும் "இவர் நல்லவர்" என்று சொல்லவில்லை. "இது இன்னாருடைய கையெழுத்துத்தான்" என்று மட்டுமே சொல்கின்றன. பத்திரத்திலுள்ள பெயர் உங்களுடையதுதானா என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான். நம்மவர் இடறி விழுவது அவ்விடத்தில்தான்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. கட்டாரில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. அவருடைய தகப்பனார் பெயர் பிறப்புச் சான்றிதழில் சிங்கள எழுத்தில் ஒருவிதம், அடையாள அட்டையில் இன்னொருவிதம், கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் வேறொருவிதம். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினோம். சில நாட்களின் பின் விசாரிப்பதற்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். லயத்தின் முதற் காம்பராவில் நின்று, கடவுச்சீட்டிலிருந்த முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார். திண்ணையிலிருந்த ஆயா, "அப்படி யாரும் இந்த லயத்துல இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். ஆயா பொய் சொல்லவில்லை. பிறந்த நாள் முதல் அண்ணனை எல்லோரும் அழைப்பது வீட்டுப் பெயரால்தான். பத்திரப் பெயரை அவர் கேட்டதே இல்லை. கான்ஸ்டபிள் திரும்பிப் போய்விட்டார்.

அதைச் சரிசெய்ய அண்ணன் மூன்று முறை அலைந்தார். ஒருவாறு நற்சான்று புறப்பட்டுப் பதிவுத் தபாலில் வந்தது. எங்கே வந்தது? நமக்குத்தான் வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லையே! இருபது குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர் ஒன்றே விலாசம். அறிவித்தல் துண்டு தோட்டக் காரியாலயத்தில் இரண்டு கிழமை கிடந்தது. அண்ணன் இரவு பஸ்ஸில் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் போய் அமைச்சின் முத்திரையைப் பெற்றார். தூதரகத்துக்குப் போக நாள் குறித்த வேளையில், அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. இப்பொழுது அவர் பெரகல சந்தியில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். பத்திரம் பெரியம்மாவின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

நம் முன்னோருக்கும் இந்தப் பத்திரத் தொல்லை புதிதன்று. இந்தியாவிலிருந்து வந்தவர்கள், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் தகட்டைக் கழுத்தில் கட்டி வந்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிய 'துண்டு' வேண்டும். அந்த முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. பின்பு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி காட்ட முடியாமல் எத்தனையோ பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் விடிவு. பெரியவர்கள் சிலர் பழைய கடதாசி ஒன்றையேனும் எறியவிடாமல் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதைக் கண்டு நாங்கள் சிரிப்பதுண்டு. அண்ணனுடைய காரியம் நடந்த பின்னர் நான் சிரிப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நமக்கு அயலிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்தப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை கிடைத்த பின்பு பெயரைத் திருத்த ஓடாதீர்கள். பிறப்புப் பதிவிலுள்ள பிழைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் நாள் எடுக்கும். நற்சான்றுக்கோ ஆயுள் குறைவு. பழைய தேதியிட்டதைப் பல நாடுகள் ஏற்பதில்லை. ஆகவே பெயர் முதலில், கடவுச்சீட்டு அடுத்து, நற்சான்று கடைசியில். லயத்திலுள்ள நாலு பேருக்கு உங்கள் பத்திரப் பெயரைச் சொல்லி வையுங்கள், தபாற்காரருக்கும் சொல்லுங்கள். எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் கையெழுத்திட்ட வெற்று விண்ணப்பத்தைக் கொடுக்காதீர்கள். அவர் பொய் முத்திரை குத்தினால் குற்றப் பதிவு உங்கள் பெயரில்தான் ஏறும். அந்தப் பெயரில் மட்டும் எழுத்துப் பிழை இராது!

கூட்டம் முடிந்தபின் வாசிகசாலை மேசையில் நானும் இரண்டு நண்பர்களும் இருப்போம். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கையில் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். சிங்களத்திலுள்ளதை வாசித்துச் சொல்ல ஒருவர் இருக்கிறார். இருட்டுமுன் வந்தால் நல்லது. அந்தப் பக்கத்து விளக்கு எரிவதில்லை.