கையெழுத்துப் போடாத விளையாட்டுக்காரர்கள்

(தோட்ட இளைஞர் மன்றத்தின் விளையாட்டு விழாவில், பரிசளிப்புக்கு முன்பு தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் மதுவைப் பற்றியும் சுகாதாரத்தைப் பற்றியும் பேசுவோம். நீங்களும் பொறுமையாகக் கேட்டுட்டுப் போவீங்க. இன்றைக்கு அது வேண்டாம். போன வாரம் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் நின்ற சில தம்பிமார் ஒரு கேள்வி கேட்டார்கள். "பந்து விளையாடுறதுக்குக் கோடி கோடியா வாங்குறாங்க. அதுவும் பத்தாதுன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடமாட்டோம்னு நிக்கிறாங்களே, இது நியாயமா சார்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்றைக்குப் பதில்.

வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டு நம்முடைய இலங்கைக் கிரிக்கெட் அணியே இப்படி நின்றது. அந்த ஆண்டு மே மாதம் கிரிக்கெட் சபை 24 வீரர்களுக்குப் புது ஒப்பந்தம் நீட்டியது. நான்கு தரம் பிரித்து, ஆளுக்கு ஒரு தொகை. ஏஞ்சலோ மெத்யூசுக்கு ஒரு லட்சத்து 30 ஆயிரம் டொலரில் இருந்து 80 ஆயிரமாகவும், திமுத் கருணாரத்னவுக்கு ஒரு லட்சத்தில் இருந்து 70 ஆயிரமாகவும் குறைந்துவிட்டது என்று பத்திரிகைகளில் வந்தது. வீரர்கள் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

அதே 2021இல், மார்ச் மாதத்தில்தான் நமக்கு நாளுக்கு 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 900 சம்பளம், 100 கொடுப்பனவு. அந்தக் காலத்து டொலர் விலைக்கு 80 ஆயிரம் டொலர் என்றால் ஒரு கோடியே 60 லட்சம் ரூபாய். மாதம் 25 நாள் விடாமல் மலைக்குப் போகும் ஒரு அம்மா அந்தக் காசைப் பார்க்க 53 வருஷம் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே தம்பிமாருக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

ஆனால் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சபை ஆட்டத்திறன், உடற்தகுதி, தலைமைத்துவம், தொழில் ஒழுக்கம், எதிர்காலம் என்று புள்ளி போட்டுத்தான் தரம் பிரித்தது. டொம் மூடியும் அரவிந்த டி சில்வாவும் சேர்ந்து கொண்டுவந்த முறை அது. அணி பல வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தபடியால், ஆடுகிறவனுக்கே காசு என்று சபை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வீரர்கள் கேட்டதோ, எங்களுக்கு எத்தனை புள்ளி, யார் போட்டது, எப்படிப் போட்டது, அதைக் காட்டுங்கள் என்பது. ஓட்டத்தை எண்ணலாம், விக்கெட்டை எண்ணலாம். தலைமைத்துவத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

தராசு என்றவுடன் தாய்மார் சிரிக்கிறீங்க. நிறுவை நேரத்தில் முள்ளைப் பார்க்க விடாமல், கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு, கடைசியில் ஒரு கிலோ குறைகிறது என்று அரைப்பேர் போட்டால் என்ன வரும் உங்களுக்கு? ஒரு கிலோவின் காசுக்காகவா கோபம்? முள்ளைக் காட்டவில்லையே என்றுதானே. அந்த வீரர்களின் சண்டையில் பாதி இதுதான்.

சரி, நின்றார்கள். ஜெயித்தார்களா? இல்லை. ஜூன் மாதம் ஒப்பந்தம் இல்லாமலே இங்கிலாந்து போய், மூன்று இருபது ஓவர் போட்டியிலும் தோற்றார்கள். அங்கே மூன்று பேர் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி இரவில் டர்ஹாம் தெருவில் திரிந்த வீடியோ வெளியில் வந்தது. திருப்பி அனுப்பி, ஒரு வருஷத் தடையும் ஒரு கோடி ரூபாய் தண்டமும் போட்டார்கள். நியாயம் கேட்கிற நேரத்தில் இப்படி நடந்தால் ஊர் யார் பக்கம் பேசும்? இந்திய அணி இங்கே வந்த ஜூலையில், கையெழுத்துப் போடு அல்லது விலகு என்று சபை நாள் குறித்தது. மெத்யூஸ் சொந்தக் காரணம் சொல்லி ஒதுங்கினார். மற்றவர்கள் அந்தத் தொடருக்கு மட்டும் போட்டார்கள். ஆகஸ்டில் 18 பேர் ஐந்து மாத ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அதில் மெத்யூஸ் பெயர் இல்லை. (அந்த மனிதர் அடுத்த வருஷமே பங்களாதேசில் 199 ஓட்டம் எடுத்தார். அது வேறு கதை.)

இதற்கிடையில் நம்ம முரளிதரன் ஒரு வார்த்தை சொன்னார். நாலைந்து மூத்த வீரர்களால்தான் இவ்வளவு குழப்பமும் என்றார். மெத்யூசும் கருணாரத்னவும் அவருக்குக் கடிதம் எழுதி மறுத்தார்கள். முரளியின் தாத்தா இந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என்பதால் நமக்கு அவர் மேல் தனிப் பாசம். 800 விக்கெட் எடுத்தவர் கிரிக்கெட்டைப் பற்றிச் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் புள்ளியைக் காட்டு என்று கேட்டதைக் குழப்பம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன்பு, 2013 மார்ச்சிலும் ஒரு தரம் 23 வீரர்கள் நின்றார்கள். உலகப் போட்டிகளுக்காகச் சபைக்கு வரும் காசில் தங்களுக்கு 25 வீதப் பங்கு வேண்டும் என்றார்கள். சபை ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது. ஓரிரு நாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இப்போது நீங்கள் விரும்பும் உதைபந்தாட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1961 வரைக்கும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுண்தான் உச்சச் சம்பளம். மைதானத்தில் முப்பதாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்ப்பார்கள், ஆடுகிறவனுக்கு 20 பவுண். ஜிம்மி ஹில் என்பவர் தலைமையில் சங்கம் கூடியது. மன்செஸ்டர் கூட்டத்தில் ஒரு இளம் ஆட்டக்காரர் எழும்பி, எங்கள் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இதில் பாதிதான் வாங்குகிறார், எனக்கு இது போதும் என்றாராம். நம்ம தம்பிமார் கேட்ட அதே கேள்வி. அதற்கு டொமி பாங்க்ஸ் என்ற ஆட்டக்காரர் பதில் சொன்னார். அவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர். உங்கள் அப்பாவின் வேலை கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனால் முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க ஸ்டான்லி மத்யூசைத் தடுக்கும் வேலை அவருக்கு இல்லையே என்றாராம். கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது. வேலைநிறுத்தம் நடக்கும் முன்பே, 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு போய்விட்டது.

காசைவிடப் பெரிய விலங்கு ஒன்று அங்கே இருந்தது. ஒப்பந்த காலம் முடிந்தாலும் கழகம் விடாவிட்டால் ஆட்டக்காரன் வேறு கழகத்துக்குப் போக முடியாது. சம்பளம் கொடுக்காமலேயும் பிடித்து வைக்கலாம். ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் நியூகாசில் கழகத்தில் இருந்தார். கழகம் கொடுத்த வீடு சரியில்லை என்பதும் அவருடைய முறைப்பாடுகளில் ஒன்று. இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1960இல் ஒப்பந்தம் முடிந்ததும் புதியதில் கையெழுத்துப் போடாமல், தெற்கே போய்த் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். சில மாதம் பந்தே தொடவில்லை. கடைசியில் கழகம் இறங்கிவந்து 47,500 பவுணுக்கு அவரை ஆர்சனலுக்கு விட்டது. அவர் அதோடு நிற்கவில்லை. சங்கத்தின் உதவியோடு வழக்கை நடத்தினார். ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்து வைப்பது நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிபதி வில்பர்போஸ் தீர்ப்புச் சொன்னார்.

இதை வாசித்தபோது எங்களுக்கு நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்துத் 'துண்டு' ஞாபகம் வந்தது. இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. கப்பலேறி வரும்போதே முற்பணக் கடன் தலையில். பெரிய கங்காணியின் கணக்கில் அது குறையவே குறையாது. ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். துண்டு இல்லாமல் யாரும் பேர் போடமாட்டார்கள். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். சொல்லாமல் போனால் மறியல். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் துண்டு ஒழிந்தது. வெள்ளைக்காரனின் ஊரில் உதைபந்தாட்டக்காரனுக்கு அதே மாதிரி விலங்கு கழல அதற்குப் பிறகு 42 வருஷம் ஆனது என்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஈஸ்ட்ஹாம் நின்றார், ஜெயித்தார். நம்முடைய கிரிக்கெட்காரர்கள் நின்றார்கள், இறங்கினார்கள். ஈஸ்ட்ஹாமுக்கு அடுத்த வாரம் சாப்பிட ஒரு தக்கைக் கம்பனி இருந்தது, பின்னால் ஒரு சங்கம் இருந்தது, கேட்டதும் ஒரே ஒரு விஷயம். 2018 டிசம்பரில் 1000 ரூபாய் கேட்டு நம்முடைய ஆட்கள் வேலையை நிறுத்தினபோது எத்தனை வீட்டில் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போனது என்பது இங்கே இருக்கும் அக்காமாருக்குத் தெரியும். மறு மாதம் அடிப்படைச் சம்பளம் 500இல் இருந்து 700 ஆனது. கேட்ட 1000 அன்றைக்கு வரவில்லை. நாங்கள் கம்பனியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள், அந்தக் கணக்கில் யார் சரி என்று இந்த மேடையில் பேசமாட்டோம். பட்டினிக்கு ஒரு கணக்கு உண்டு என்று மட்டும் சொல்கிறோம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் கொழும்புக் கடையிலும் ஹோட்டலிலும் கார்மெண்டிலும் இருப்பீங்க. சில பேர் வெளிநாடு போவீங்க. உங்களிடமும் ஒரு தாளை நீட்டுவார்கள். போன தைப்பொங்கலுக்கு வந்த ஒரு பையனிடம், எவ்வளவு சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டோம். "சிங்களத்துல இருந்திச்சு சார், முதலாளி நல்லவரு" என்றான். முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, வேலைக்குச் சேரும்போது விபரத்தை எழுதித் தர வேண்டியது அவர் கடமை. சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் அவர் 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் முழுதும் அவருடையது, உன் சம்பளத்தில் வெட்டக்கூடாது. சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், லீவு எத்தனை, விலகுவது என்றால் எத்தனை நாளுக்கு முன்பு சொல்ல வேண்டும், அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ யார் வைத்திருப்பது, இதை எல்லாம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்டதற்காக வேலை இல்லை என்றால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று அப்பவே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் ஏஜன்சிக்காரனுடைய பேச்சை மட்டும் நம்பி விமானம் ஏற வேண்டாம். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சம்பளம் போடுகிற நாளுக்கு அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நாங்கள் பிள்ளைக்காம்பராவில் இருப்போம். யாராவது தாளை நீட்டியிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பு கொண்டு வாங்கள். சிங்களமோ இங்கிலீசோ, உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம். எங்களுக்கு விளங்காததைத் தொழில் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறோம். போட்டு முடித்தவர்களும் வரலாம், ஆனால் போடும் முன்பு வருகிறவர்களை முதலில் பார்ப்போம்.