தூதர் திரும்புவார், எரிவாயு திரும்பாது



அல்ஜீரியாவும் ஐரோப்பாவும் என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தபோது, "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது ஐயா. 1954 நவம்பர் 1 அன்று நம் புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரிய விடுதலைப் போரின் முதல் வெடி வெடித்தது. இங்கே கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், காரியம் முடிந்தது. அங்கே ஏழரை ஆண்டுகள் ரத்தம் ஓடியது. புதுச்சேரியை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே மாதமே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தராமல் ஆறு ஆண்டுகள் கிடப்பில் போட்டது. புதுச்சேரியைச் சட்டப்படி எழுதிக் கொடுத்தால் அல்ஜீரியாவையும் கேட்பார்களே என்ற தயக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 16, நம் விவகாரமும் சட்டப்படி தீர்ந்தது. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாகப் போன நம் ஊர்க்காரர்கள் சிலர் அந்தப் போரை நேரிலேயே பார்த்தவர்கள்.

அல்ஜீரியாவுக்கும் பிரான்சுக்கும் வந்த பகை ஒரு கடன் பாக்கியில் தொடங்கியது. யார் யாருக்குக் கடன் என்பதுதான் வேடிக்கை. புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் தன் படைகளுக்கு அல்ஜீரியக் கோதுமையை வாங்கித் தின்றுவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தது. 1827இல் அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஹுசைன், "என் கடிதத்துக்கு உங்கள் அரசர் ஏன் பதில் போடவில்லை?" என்று பிரெஞ்சுத் தூதரைக் கேட்டார். தூதர் திமிராக ஏதோ சொல்ல, ஹுசைன் கையிலிருந்த ஈ ஓட்டும் விசிறியால் அவரை ஒரு தட்டுத் தட்டினார். தட்டு வாங்கிய அவமானத்துக்கு மூன்று ஆண்டு கடல் முற்றுகை, பிறகு படையெடுப்பு. 1830 ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் வீழ்ந்தது. கடன் கொடுத்தவன் 132 ஆண்டுகள் அடிமையாக இருந்தான். அதனால்தான் 1962இல் விடுதலையை அறிவிக்கவும் அதே ஜூலை 5ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தில் ஒரு பீரங்கி செங்குத்தாக நிற்கிறது. ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம். வாய் வானத்தைப் பார்க்க, உச்சியில் பிரான்சின் சின்னமான சேவல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அல்ஜியர்ஸ் கோட்டையைக் காத்த பாபா மர்சூக் அது. 1830இல் எடுத்துக்கொண்டு போனார்கள், இன்னும் தரவில்லை. அடுத்தது, சொல்லவே கூசுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து மடிந்தவர்களின் தலைகள் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பெட்டிகளுக்குள் கிடந்தன. 2020 ஜூலையில்தான் 24 மண்டை ஓடுகள் விமானத்தில் வந்து இறங்கின. விடுதலை நாளன்று அவற்றை அடக்கம் செய்தார்கள். ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையில் மண்டை ஓட்டுப் பட்டியல் ஒரு விவகாரமாக இருக்கும்போது, "பழசை மறந்துவிடுங்கள்" என்று சொல்லப் பாரிசுக்கு என்ன தகுதி?

ஆனால் கோபத்தை மட்டும் வைத்து வெளியுறவு நடத்த முடியாது என்பதும் அல்ஜீரியர்களுக்குத் தெரியும். போரை முடித்த 1962இன் எவியான் உடன்பாட்டில், சகாராவில் அணுகுண்டுச் சோதனையை மேலும் சில ஆண்டுகள் நடத்தப் பிரான்சுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. விடுதலைக்கு அது ஒரு விலை. கடைசிச் சோதனை 1966இல். அதற்குப் பிறகு அதிபர் பூமெதியன் 1971 பிப்ரவரி 24 அன்று பிரெஞ்சு எண்ணெய் நிறுவனங்களின் 51 விழுக்காட்டைத் தேசியமயமாக்கினார். எரிவாயுவும் குழாய்களும் முழுக்க நாட்டுடைமை. அன்றைக்குத்தான் அந்த நாட்டின் கைக்கு ஒரு பேரம் பேசும் பலம் வந்தது என்பேன்.

அந்தப் பலத்தை முதலில் மதித்தது இத்தாலி. இத்தாலிய எண்ணெய் நிறுவனமான எனியின் தலைவர் என்ரிக்கோ மத்தேய் விடுதலைப் போராளிகளின் பக்கம் நின்றவர். அல்ஜீரியா விடுதலை பெற்ற அதே 1962இல், அக்டோபரில், விமான விபத்தில் இறந்தார். சகாராவின் ஹஸ்ஸி ரமெலிலிருந்து துனீசியாவைக் கடந்து, கடலுக்கடியில் சிசிலிக்குப் போகும் குழாய்க்கு அவர் பெயர்தான். 1983 முதல் அது ஓடுகிறது. உக்ரைன் போர் மூண்டதும், 2022 ஏப்ரலில் இத்தாலியப் பிரதமர் டிராகி நேரே அல்ஜியர்சுக்குத்தான் வந்தார். ஆண்டுக்குக் கூடுதலாக 900 கோடி கன மீட்டர் வரை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனார். மண்டை ஓட்டுக் கணக்கு இல்லாத வீட்டோடு வியாபாரம் எளிது பாருங்கள்.

இப்போது ஸ்பெயினுக்கு வருவோம், என் வாதம் அங்கேதான் இருக்கிறது. மேற்கு சகாரா யாருக்கு என்பதில் மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் தீராத பகை. 2021 ஆகஸ்டில் உறவையே முறித்துக்கொண்டார்கள். அக்டோபர் 31 அன்று, மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன குழாயின் ஒப்பந்தம் காலாவதியானது. அல்ஜீரியா புதுப்பிக்கவில்லை. அண்டை வீட்டுக்காரனுக்குப் போகவேண்டிய வாடகை நின்றது. வாங்குபவனுக்கு? கடலடியில் நேராக அல்மெரியாவுக்குப் போகும் இன்னொரு குழாயில் எரிவாயு போய்க்கொண்டே இருந்தது. 2022 மார்ச்சில் ஸ்பெயின் பிரதமர் சாஞ்செஸ் மேற்கு சகாரா பற்றிய மொராக்கோவின் திட்டத்தை ஆதரித்தார். மறுநாளே அல்ஜீரியத் தூதர் மாட்ரிடிலிருந்து ஊர் திரும்பினார். ஜூன் 8 அன்று இருபது ஆண்டு நட்பு ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஸ்பானிய வியாபாரிகளின் சரக்கு துறைமுகத்தில் தேங்கியது. அல்மெரியாக் குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. "எங்கள் எரிவாயுவை மொராக்கோவுக்குத் திருப்பினால் ஒப்பந்தம் இருக்காது" என்ற எச்சரிக்கையோடு சரி.

இதைச் சிலர் பலவீனம் என்பார்கள். அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு எண்ணெயும் எரிவாயுவும்தான், எனவே மூடினால் பட்டினி அவர்களுக்குத்தான் என்று. உண்மை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாள் மூடிவிட்டால், மறுநாள் முதல் அந்தக் குழாய் வெறும் இரும்பு. "எவ்வளவு சண்டை போட்டாலும் சரக்கு நிறுத்த மாட்டான்" என்ற பெயர்தான் அல்ஜீரியாவின் மூலதனம். ரஷ்யா அந்தப் பெயரை இழந்த பிறகு அதன் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

2024 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் சாஞ்செஸ் வழியில் போனார். இம்முறை பாரிசிலிருந்து அல்ஜீரியத் தூதர் ஊர் திரும்பினார். நவம்பரில் அல்ஜீரியா எழுத்தாளர் புவாலம் சன்சாலைக் கைது செய்தது. இலக்கிய மன்றத்தில் நின்று இதைப் பற்றி வாய் மூடிப் போக என்னால் முடியாது. எழுதுகிறவனைப் பேரத்தில் பணயமாக வைப்பது அநியாயம், எந்த நாடு செய்தாலும். ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை. கடைசியில் 2025 நவம்பரில் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் கேட்டுக்கொண்டார் என்று சொல்லி விடுவித்தார்கள். பிரான்ஸ் கேட்டால் கொடுக்க மாட்டோம், ஜெர்மனி கேட்டால் கொடுப்போம். அந்தப் பதிலில் ஒரு மொத்த வெளியுறவுக் கொள்கையே இருக்கிறது.

ஐரோப்பாவின் பக்கமும் சுத்தமில்லை. 2019இல் லட்சக்கணக்கான அல்ஜீரியர்கள் வெள்ளிக்கிழமைதோறும் தெருவில் இறங்கி அதிபர் பூத்தஃபிலிக்காவைப் பதவி இறக்கினார்கள். பிறகு அந்தப் போராட்டக்காரர்களைச் சிறைக்கு அனுப்பியபோது ஐரோப்பியத் தலைநகரங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டதோடு சரி. 2021இல் பிரான்ஸ் அல்ஜீரியர்களுக்கான விசாவைப் பாதியாகக் குறைத்தது. எரிவாயுவுக்கு விசா தேவையில்லை. அல்ஜீரியாவின் ஓரானில் இருக்கும் இளைஞனுக்குத்தான் தேவை.

2025 ஜூலையைப் பாருங்கள். இறக்குமதிக்குத் தடைகள் போடுவதாகச் சொல்லி, 2005 முதல் நடைமுறையில் உள்ள கூட்டு ஒப்பந்தத்தின்படி ஐரோப்பிய ஒன்றியம் அல்ஜீரியாவை நடுவர் தீர்ப்புக்கு இழுத்தது. அதே மாதம் அல்ஜீரிய அதிபர் தெப்பூன் ரோமுக்குப் போய் இறங்கினார். இத்தாலியப் பிரதமர் மெலோனி வரவேற்றார். பிரஸ்ஸல்ஸ் நோட்டீஸ் அனுப்புகிறது, ரோம் ஒப்பந்தம் போடுகிறது. இரண்டும் ஒரே ஐரோப்பாதான் ஐயா.