வேகமில்லாத பந்து, 25 சீசன்

பேஸ்பால் நம் பக்கம் அதிகம் பேசப்படாத விளையாட்டு. ஆனாலும் ஜேமி மோயர் என்ற இடதுகைப் பந்துவீச்சாளரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பிலடெல்பியாவில் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழக அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 1984-இல் சிகாகோ கப்ஸ் அணி எடுத்துக்கொண்டது. 1986-இல் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தார். எதிரணியில் பந்து வீசியவர் ஸ்டீவ் கார்ல்டன், சிறுவயதில் மோயர் கொண்டாடிய வீரர்! அதன்பிறகு சறுக்கல்தான். பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பந்துவீச்சாளர் கணக்கிலும் எழுதுவார்கள்; 1991 முடிவில் அவர் கணக்கில் 34 வெற்றி, 54 தோல்வி. மறு வருடம் கப்ஸ் அணி அவரைக் கழற்றிவிட்டது. வேண்டுமானால் பயிற்சியாளராக இருங்கள் என்றார்கள். வயது 29. மாட்டேன் என்றுவிட்டார்.

அவர் பந்தில் வேகம் கிடையாது. மற்றவர்கள் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் வீசும்போது, பிற்காலத்தில் இவர் 130-ஐத் தொடுவதே பெரும்பாடு. கையிலிருந்த வித்தை 'சேஞ்சப்'. கிரிக்கெட்டில் ஸ்லோயர் பால் என்கிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம். பந்தை விரல்நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைப் பக்கம் தள்ளிப் பிடிப்பார்கள். கை வழக்கமான வேகத்தில்தான் சுழலும். பந்து மட்டும் சுணங்கி வரும். எறியும் மேட்டிலிருந்து, மட்டையாளர் அருகே நிற்கும் 'ஹோம் பிளேட்' 18.44 மீட்டர். பந்து வந்து சேரும்வரை காத்திருந்தால் அடிக்க முடியாது. கையசைவைப் பார்த்தே மட்டையை வீசத் தொடங்க வேண்டும். மோயரிடம் ஏமாந்தவர்கள் மட்டையைச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேரும். அதோடு, 43 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த பிளேட்டின் ஓரத்தையே குறிவைத்து, ஆட்டம் முழுக்க அசராமல் வீசுவார். எனக்கு இந்தப் பொறுமைதான் பெரிதாகப் படுகிறது.

பயிற்சியாளராக மறுத்தது வீண்போகவில்லை. பின்னாளில் சியாட்டில் மரைனர்ஸ் அணியில் 2001-இல் 20 வெற்றி. நாற்பது வயதில், 2003-இல், 21 வெற்றி. 2008-இல் சொந்த ஊர்ப் பக்கத்து அணியான பிலடெல்பியாவோடு, மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றார். மொத்தம் 269 வெற்றிகள். அதில் 235, முப்பது வயதுக்குப் பிறகு வந்தவை. அடியும் வாங்கினார்: கிரிக்கெட் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்கள் 522, வேறெந்தப் பந்துவீச்சாளரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அத்தனை காலம் நின்று ஆடியவருக்குத்தான் அந்தக் கணக்கும் சேரும்.

2010 கடைசியில் முழங்கையில் அறுவை சிகிச்சை. ஒரு சீசன் முழுக்கப் போனது. மீண்டு வந்து, 2012 ஏப்ரல் 17 அன்று கொலராடோ ராக்கீஸுக்காக வென்றபோது வயது 49. மேஜர் லீக்கில் அதுவரை வென்ற பந்துவீச்சாளர்களில் அவர்தான் மிக மூத்தவர். மறு மாதமே மட்டை பிடித்து, அணிக்கு இரண்டு ரன்களும் சேர்த்துக் கொடுத்தார்.