கையெழுத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

வேலைக்குப் போகும் இடத்தில் துணிச்சலாகவும் நம்பும்படியாகவும் பேசுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். துணிச்சலுக்கு நான் தேவையில்லை. அதைக் கற்றுத்தர ஊரில் பயிற்சி வகுப்புகள் நிறைய இருக்கின்றன. அடுத்தவர் நம்பும்படி பேசுவதுதான் அருகிப்போன சரக்கு. அதற்குப் பாடம் தேடி வெளியூர் போக வேண்டாம். புதுச்சேரியின் இந்த உப்பளத்திலிருந்து வண்டியை எடுத்தால் சற்று நேரத்தில் பெரிய மார்க்கெட். அங்கே ரங்கப்பிள்ளை வீதி. அதில், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை.

அவர் கதைக்கு முன்னால் அவருடைய உறவினர் ஒருவர் கதை. நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷாக இருந்தவர். கம்பெனிக்கும் நம்மூர் வியாபாரிகளுக்கும் நடுவே நின்று பேசுவது அவர் வேலை. 1716இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். விசாரணையில் சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது போர்ச்சுகீசிய மொழிக்கு மாறி, அதிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. கடைசியில் பிரெஞ்சில் எழுதிய வாக்குமூலத்தின் அடியில் சாட்சிகள் தமிழில் கையெழுத்துப் போட்டார்கள். மேலே எழுதியிருப்பதை அவர்களால் படிக்க முடியாது. தாங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று சரிபார்க்க வழியும் இல்லை. கடைவீதியில் கசையடி, மூன்றாண்டுச் சிறை என்று தீர்ப்பானது. நைனியப்பர் 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பா கப்பலேறி பாரிசு வரை போய் வழக்காடினார். தகப்பன் பெயரில் இருந்த களங்கம் துடைக்கப்பட்டது. மகனுக்குச் செவாலியே பட்டமும் கிடைத்தது. போன உயிர் மட்டும் வரவில்லை.

அந்த வழக்கில் உரக்கப் பேசியவர்களுக்குக் குறைவில்லை. பேசியதைச் சரிபார்க்க யாரும் இடம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நைனியப்பரோடு சேர்த்துப் பிடிபட்டவர்களில் அவர் மைத்துனர் திருவேங்கடப் பிள்ளையும் ஒருவர். அவருடைய பையனுக்கு அப்போது ஆறேழு வயது. அந்தப் பையன்தான் 1709இல் பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கன். 1736 செப்டம்பரில் இந்தப் பையன், இப்போது பெரிய மனிதர், தமிழில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்னால் அவர் இறந்தார். ஏறக்குறைய அதுவரை எழுதினார். தகப்பனும் மாமனும் பட்ட பாடுதான் இவரை எழுத வைத்தது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அது என் ஊகம், ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பை எழுதும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். வருஷத்தின் பெயர், மாதம், தேதி, கிழமை. இன்றைக்குக் காலையில் துரையவர்களிடம் போனேன்; அவர் இன்னது கேட்டார்; நான் இன்னது சொன்னேன்; அதற்கு அவர் இன்னது சொன்னார். தான் நேரில் பார்த்தது ஒரு பக்கம். மதராசிலிருந்து கடிதத்தில் வந்தது, ஊரில் பேசிக்கொண்டது என்றால் அது இன்ன வழியில் வந்த சேதி என்று இன்னொரு பக்கம். 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த தூப்ளே, தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்த பிறகு, அந்த வேலையை இவரிடம் கொடுத்தார். கிறிஸ்தவர் ஒருவருக்கே அது போக வேண்டும் என்று பாதிரிமார் விரும்பிய காலம் அது. ஆனால் இவரை விட்டால் காரியம் நடக்காது என்ற நிலைமை கவர்னருக்கு இருந்தது.

பிள்ளையைப் புனிதராக்க நான் வரவில்லை. நாட்குறிப்பில் தற்பெருமைக்குப் பஞ்சமில்லை. எந்தக் காரியம் பலித்தாலும் தன் அதிர்ஷ்டம் என்பார். தூப்ளேவின் மனைவி இந்த ஊரில் பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். துபாஷைத் தாண்டி அந்த அம்மாள் நேராகவே பேசிவிடுவது பிள்ளைக்குப் பொறுக்காது. பக்கம் பக்கமாகப் பொருமியிருக்கிறார். இருந்தும் 1756இல் வேலை பறிபோன பிறகும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அந்த நாட்குறிப்பை 1846இல் காலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. தூப்ளே காலத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் இன்றும் இந்தத் தமிழ்க் குறிப்பைப் புரட்டாமல் போக முடியாது.

இனி உங்கள் விஷயம். முதல் மாதச் சம்பளத்துக்கு முன்பே ஒரு வாக்கியம் உங்கள் வாய்க்கு வந்துவிடும்: "ஆயிடும் சார்." வேலை பாதிகூட நகர்ந்திருக்காது. இருந்தாலும் ஆயிடும் சார். கேட்கிறவருக்கும் அது தெரியும். இரண்டாம் முறைக்குப் பிறகு உங்கள் பேச்சை அவர் கணக்கில் எடுக்க மாட்டார். "வரைபடம் முடிந்தது, மண் பரிசோதனை அறிக்கை வரவில்லை, புதன்கிழமை கேட்டுச் சொல்கிறேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிற பிள்ளையைத்தான் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பார்கள். புதன்கிழமை மறக்காமல் சொல்லவும் வேண்டும்; அதுதான் கஷ்டம்.

உங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தைப் பற்றி உள்ளூர ஒரு கூச்சம் இருக்கும். காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்த பிரதேசம் இது. தமிழ், மலையாளம், தெலுங்கு, ஆங்கிலம், பிரெஞ்சு அத்தனையும் இங்கே காதில் விழுகிறது. யாரும் எல்லாவற்றையும் பிசகில்லாமல் பேசுவதில்லை. இலக்கணம் தவறினால் திருத்திக்கொள்ளலாம். எண்ணும் தேதியும் தவறினால் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. இதுவரை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றீர்கள். நாளை முதல் அந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள். வங்கியில் கடன் விண்ணப்பம், மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவம், பிள்ளையின் கல்விக் கடனுக்கு ஜாமீன். பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். எதிரே வம்பாகீரப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், "எங்க போடணும் தம்பி?" என்று பேனாவை எடுப்பார். 1716இல் நடந்தது அப்படியே திரும்ப நடக்க அந்த ஒரு நிமிடம் போதும்.

அப்போது விரலை வைத்து இடத்தைக் காட்டாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் படித்துக் காட்டுங்கள். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள்; மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவார். "நான் சொன்னதுல உங்களுக்கு என்ன விளங்குச்சுன்னு நீங்க சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். அவர் தன் வாயால் சரியாகச் சொன்ன பிறகு பேனாவைக் கொடுங்கள். வரிசை நீளமாக இருக்கும், மேலாளர் முறைப்பார். முறைக்கட்டும்.