மகன் குடித்த கடனைத் தாய் அடைப்பதா?

(ஜொகூர், குளுவாங் வட்டாரக் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் இம்மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நம் வீட்டுக்குள் நடப்பதைப் பேச வந்திருக்கிறோம்.

ஒருநாள் பால் நிறுத்து முடிந்த பிறகு, மரம் வெட்டும் அம்மாள் ஒருவர் ஆபீஸ் ஜன்னலருகே வந்து நின்றார். "கிராணி ஐயா, முன்பணம் வேண்டும், வீட்டில் உடம்பு சரியில்லை" என்றார். தொடர்ந்து மூன்றாவது மாதம் அது. முப்பது வயது மகன் சம்சுக் கடையில் வைத்த கடனுக்குத்தான் பணம் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே சீட்டு எழுதினோம். ஒரு தாயின் மானத்தைக் காத்தோம் என்று எண்ணினோம். உண்மையில் கடைக்காரனுக்கு வசூல் செய்து கொடுத்தோம்!

தோழர்களே, 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். அன்று எதிரி வெளியே இருந்தான். மறியல் செய்ய முடிந்தது. பெற்ற பிள்ளைக்கு எதிராக எங்கே மறியல் செய்வது?

"வளர்ப்புச் சரியில்லை" என்று லயத்தில் பேசுவார்கள். அதைக் கேட்டுக் கூனிக் குறுக வேண்டாம். குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்பது மருத்துவர் முடிவு. நோயாளியை அடித்துத் திருத்த முடியாது. அவன் கடனை அடைத்தும் திருத்த முடியாது.

சோறு போடுங்கள், கையில் காசு தராதீர்கள். அவன் வேலைக்கு வராத நாளில் காய்ச்சல் என்று மண்டோரிடம் பொய் சொல்லாதீர்கள். கை நீட்டினால் அண்டை வீட்டாரைக் கூப்பிடுங்கள். போலீசுக்குப் போவதும் அவமானமல்ல. மற்றொன்று மிக முக்கியம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆகவே அறையில் பூட்டி வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பெற்றவர்களுக்கும் துணை வேண்டும். 1951-ல் அமெரிக்காவில், குடிப்பவரின் குடும்பத்தார் தங்களுக்குள் கூடிப் பேச 'அல்-அனான்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியால் கணவரை இழந்த பின், 1980-ல் குடிநோயாளிகளுக்கென மருத்துவ நிலையம் கண்டார். அங்கே குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை உண்டு.

நாலாவது மாதமும் அந்த அம்மாள் வந்தார். "யாருக்கு அம்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டோம். அழுதார். அன்று சீட்டு எழுதவில்லை. மறுநாள் தாயையும் மகனையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். மகன் திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டோம். சில வாரம் நிறுத்தினான், மறுபடி குடித்தான், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். ஆனால் அந்த அம்மாளின் சம்பளம் இப்போது அவர் கையில் இருக்கிறது. இளைய மகளின் படிப்பு நிற்கவில்லை.

கிராணிமாரே, முன்பணச் சீட்டு எழுதுமுன் அன்போடு ஒரு கேள்வி கேளுங்கள். தாய்மார்களே, சம்பள நாள் மாலையில் நம் கிளையில் வந்து உட்காருங்கள். கூலிக்காக ஒன்று கூடிய நாம், இந்தத் துயரத்தை மட்டும் ஏன் தனித்தனியே சுமக்க வேண்டும்?