விடியும் முன் போடும் மேக்கப்



காலை ஆறு மணிக்கு, கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங் ரயில் நிலையத்துக்குப் போனால் நம் பெண்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் ஆபீஸ் பை, நெற்றியில் பொட்டு, முகத்தில் பவுடர். அந்த நேரத்தில் வெளியே இன்னும் இருட்டு. 1982 ஜனவரி முதல் நாள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து நமக்கு ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனால் தூக்கம் கெடுகிறது என்று எல்லாரும் பேசுகிறோம். வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் மின்விளக்கில்தான் மேக்கப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

அவர்களில் ஒரு பெண் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடக்கும்போது பொழுது விடிந்துவிடுகிறது. வீட்டுக் கண்ணாடியில் பளிச்சென்று இருந்த முகம் பகல் வெளிச்சத்தில் சாம்பல் பூத்துத் தெரிகிறது. கழுத்து ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். கண்ணுக்குக் கீழே பூசியது கோடு கோடாகப் பிரிந்து நிற்கிறது. இருபது வயதில் இது பெரிதாகத் தெரியாது. நாற்பதுக்கு மேல் இதே பூச்சு ஐந்து வயதைக் கூட்டிக் காட்டும்.

இன்று நான் பேசப்போவது நாற்பதைத் தாண்டிய பெண்கள் இளமையாகத் தெரிவதற்கான ஒப்பனை பற்றி. இந்த ஆசை யாருக்கும் வெட்கப்பட வேண்டிய ஆசை இல்லை. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைக் கவனித்து, சம்பளமும் கொண்டுவரும் பெண் கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நிற்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் இளமையையும் வெள்ளையையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். நம் முகம் வயதாகித் தெரிவதற்குப் பாதிக் காரணம், நம் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான பவுடரைப் பூசுவதுதான்.

நாற்பதுக்கு மேல் தோலுக்கு என்ன ஆகிறது? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு குறைகிறது. தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் மட்டும் அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும் என்பது மருத்துவ உலகில் பலகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணெய்ப் பசையும் குறைகிறது. வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், எட்டு மணி நேரம் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்தால் தோல் காய்ந்துபோகும்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் ஒரு நன்மை உண்டு. அதிலுள்ள மெலனின் நிறமி வெயிலை ஓரளவு தடுத்து நிறுத்துவதால் சுருக்கம் தாமதமாகத்தான் விழும். ஆனால் அதே நிறமி சின்னத் தூண்டுதலுக்கும் கூடிவிடும். கன்னத்தில் மங்கு, கண்ணைச் சுற்றிக் கருவளையம், வாயோரத்தில் கருமை. நம் பெண்களை வயதாகக் காட்டுவது முதலில் இந்தத் திட்டுகள்தான், சுருக்கம் பிறகுதான். சுருக்கம் மறைக்கும் வெளிநாட்டு முறைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பலன் தராததற்கு இதுதான் காரணம்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். ஈயச் சுரங்கத்துக்காக 1894இலேயே சுரங்க முதலாளிகளான தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் மின்சாரம் கொண்டுவந்த ஊர் ரவாங். அந்த ஊர்ப் பெண்களிடமே சொல்கிறேன், தலைக்கு மேலே எரியும் ஒற்றைக் குழல் விளக்கை நம்பி நிறம் பூசாதீர்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்குழியை இன்னும் ஆழமாகக் காட்டும். அது ஆழமாகத் தெரிவதால் நாம் இன்னும் அதிகமாகப் பூசுவோம். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முகத்தின் உயரத்தில் ஒவ்வொரு விளக்கு இருக்கட்டும். பெட்டியில் பகல் வெளிச்சம் என்று போட்டிருக்கும் எல்இடி பல்பு போதும். நிறம் தேர்ந்தெடுப்பதை ஞாயிற்றுக்கிழமைப் பகலில், ஜன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். புருவத்தைத் தடவித் தடவி வரையும் பெண்கள் பலருக்குக் கை நடுக்கமெல்லாம் கிடையாது, கண் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கிரீமைவிட அது அதிகம் உதவும்.

பவுண்டேஷன் வாங்கும்போது கடைக்காரப் பெண் புறங்கையில் தடவிக் காட்டுவார். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தாடை ஓரத்தில், கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் மூன்று நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பாருங்கள். எது தெரியாமல் கரைந்துபோகிறதோ அதுதான் உங்கள் நிறம். நம்மில் பலருக்கு மஞ்சள் சாயலோ பொன் சாயலோ உள்ளது பொருந்தும், ரோஸ் சாயல் பொருந்தாது. வெளுப்பான பவுடர்களில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி இருக்கும். பழுப்புத் தோலின்மேல் அது சாம்பல் நீலமாகத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் பார்த்தோமே, அந்தச் சாம்பல் இங்கிருந்துதான் வருகிறது.

பூசுவதற்கு முன் மாய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் தேநீர் கலக்கலாம். பிறகு பவுண்டேஷனை முகம் முழுக்க இழுக்காமல், தேவையான இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தட்டி விடுங்கள். கருவளையத்தின்மேல் நேராக வெளுப்பான கன்சீலரைப் போட்டால் அந்த இடம் சாம்பல் நிறமாகிக் கண் இன்னும் சோர்ந்து தெரியும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரைக் கடுகளவு எடுத்து ஒற்றுங்கள். நீலக் கருமையை ஆரஞ்சு அமுக்கிவிடும். அதன்மேல் உங்கள் நிறக் கன்சீலர் கொஞ்சம் போதும். பவுடரை நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும் வையுங்கள். கண்ணுக்குக் கீழே பவுடர் குவிந்தால் இல்லாத கோடுகூடத் தெரிய ஆரம்பிக்கும். மதியம் முகம் வழிந்தால் மேலும் பவுடர் போடாமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

கண் மையை விடச் சொல்ல மாட்டேன், அது நம் முகத்தின் அழகு. கீழ் இமையில் தடித்து இடும் பழக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். நம் ஈரக் காற்றில் கீழ் மை மதியத்துக்குள் இறங்கிக் கருவளையத்தோடு சேர்ந்துவிடும். மேல் இமையின் முடி வேரை ஒட்டி அடர்த்தியாக இட்டு, கீழே மெல்லிய கோடாகவோ ஒன்றுமில்லாமலோ விட்டால் கண் மேலே தூக்கி நிற்கும். புருவத்தைத் திரெட்டிங்கில் மெலிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். இந்த வயதில் வால் பகுதி தானாகவே மெலியும், எடுத்த முடி திரும்ப வராமலும் போகலாம். நிரப்பும்போது கறுப்பை விட்டு அடர் பழுப்பை எடுங்கள். தலைச் சாயத்துக்கும் இதையே சொல்வேன். கருகருவென்ற சாயத்தைவிட அடர் பழுப்பு முகத்தை இளக்கிக் காட்டும். ஆனால் சாயங்களிலுள்ள பிபிடி என்ற பொருள் ஒவ்வாமல் நெற்றியும் காதோரமும் கறுத்துப்போகும் பெண்கள் உண்டு. காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள், ஐந்து வருடமாகப் போடும் சாயமாக இருந்தாலும்.

உதட்டுக்கு, காய்ந்து ஒட்டும் மேட் லிப்ஸ்டிக்கைவிடச் சற்றுப் பளபளப்புள்ளது நல்லது. செங்கல், மாதுளை, நாவல் பழ நிறங்கள் நமக்கு அமோகமாக இருக்கும். வெளிறிய ரோஸ் நம்மை நோயாளியாகக் காட்டும்.

பொட்டைப் பற்றி அவசியம் பேச வேண்டும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பு, பிறகு வட்டமாக வெள்ளைத் திட்டு வந்த பெண்கள் நம்மிடையே நிறைய. சில பசைகளிலுள்ள பிடிபிபி என்ற வேதிப்பொருள் அந்த இடத்து நிறமிச் செல்களையே அழித்துவிடுகிறது. அதன்மேல் இன்னும் பெரிய பொட்டை ஒட்டி மறைப்பதுதான் பலர் செய்வது. அப்படிச் செய்யாதீர்கள். அரிப்பு தொடங்கிய அன்றே ஸ்டிக்கரை நிறுத்துங்கள். இரவில் பொட்டோடு தூங்கவும் வேண்டாம்.

கழுத்தின் பின்னால் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருக்கிறதா? மேக்கப் போடும்போது அதையும் பவுடரால் மறைக்கிறோம். அழுக்கு என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்களும் உண்டு. அது அழுக்கில்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாகவே அது பெரும்பாலும் வருகிறது. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். நம் சமூகத்தில் அது இன்னும் கூடுதல். பவுடரை வைத்துவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அக்கா. முகத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

மங்குக்கு வருகிறேன். மங்கை முதலில் கூட்டுவது வெயில். பூமத்திய ரேகையிலிருந்து மூன்று பாகை தூரத்தில் வாழ்கிறோம், ஆண்டு முழுக்க நமக்கு ஒரே வெயில்தான். ரயிலிலும் காரிலும் உள்ளேதானே இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். தோலைக் கறுக்க வைக்கும் யுவிஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். நம் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு கலந்த, பழுப்பு நிறமுள்ள சன்ஸ்கிரீன். அது பவுண்டேஷன் வேலையையும் பாதி செய்துவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பட்டாணி அளவு எடுத்துத் தடவுவது தடவாததற்குச் சமம். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் போடுங்கள்.

பலர் இந்தப் பொறுமையான வழியை விட்டுவிட்டு, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் போனிலும் விற்கும் வெள்ளையாக்கும் கிரீமுக்குப் போகிறார்கள். ஏழே நாளில் பளிச்சென்று ஆகும் என்பார்கள். ஆகவும் செய்யும். அதுதான் ஆபத்து. அப்படி விரைவாக வெளுக்கச் செய்வது பல நேரங்களில் பாதரசம், அல்லது ஹைட்ரோகுவினோன், அல்லது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத டிரெட்டினோயினும் ஸ்டீராய்டும். ஹைட்ரோகுவினோனைக் கண்காணிப்பில்லாமல் பல மாதம் பூசினால், எதைப் போக்கப் பூசினோமோ அந்த இடமே நீலக் கறுப்பாகிப் போகலாம். பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்குப் போகும்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். 2021க்கும் 2023க்கும் இடையில் அங்கே ஒரு மருத்துவமனைக்கு, சிறுநீரில் புரதம் கசியும் ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்தது அதிலும் ஓர் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். அந்த டாக்டர்கள் இதைச் சிறுநீரக மருத்துவ இதழில் எழுதியும் வைத்தார்கள்.

நம் நாட்டில் 2008 முதல் எந்த அழகுப் பொருளையும் விற்பதற்கு முன் என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் என்ஓடி என்று தொடங்கி கே என்று முடியும் எண் கிடைக்கும். அந்த எண்ணை என்பிஆர்ஏயின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் பொருந்த வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் எண்ணைத் திருடி ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். எண் வாங்கிய பிறகு விஷம் கலந்து பிடிபட்டு அந்த எண் ரத்தான கிரீம்களின் பெயர்களையும் என்பிஆர்ஏ அவ்வப்போது வெளியிடுகிறது.

ஓர் அடையாளம் நம் பெண்களுக்கு எளிதில் புரியும். தங்கம், வெள்ளி நகை மேல் படக்கூடாது என்று கிரீம் டப்பாவில் எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். தாலியைக் கெடுக்கும் பொருள் உங்கள் தோலை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அது காற்றிலும் ஆவியாகும். தலையணையில் படும், பக்கத்தில் படுக்கும் பிள்ளையின் உடம்புக்கும் போகும்.

இப்படி ஒரு கிரீமை ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். நிறுத்தியதும் முகம் சிவக்கலாம், பழைய கருமை திரும்ப வரலாம். பயந்து மறுபடி அதையே பூசிவிடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கால் வீங்கியிருந்தாலோ சிறுநீர் நுரைத்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். டப்பாவைக் குப்பையில் வீசாமல், பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கிரீம் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால், டாக்டர் காரணத்தைத் தேடிப் பல வாரங்கள் வீணாகும்.