பாட்டுக்குப் பலம் உண்டென்றால்



ராப் பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெற்றோர் பலர் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால், "வெறும் பாட்டுதானே அங்கிள்" என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

இந்த இசை பிறந்த வீடு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாம் இருக்கும் நியூ ஜெர்சியிலிருந்து ஹட்சன் ஆற்றைத் தாண்டிப் போனால் பிராங்ஸ். அங்கே 1520, செட்ஜ்விக் அவென்யூ. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க, சிண்டி கேம்பல் என்ற பெண் அந்த அடுக்குமாடியின் பொதுக்கூடத்தில் ஒரு பார்ட்டி வைத்தார். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் அதிரும் சில நொடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு டர்ன்டேபிளில் மாற்றி மாற்றி ஓட்டி, அந்தத் துண்டை நிமிடக் கணக்கில் நீட்டினார். ஆக, முதலில் கேட்டவர்கள்தான் பாட்டை மாற்றினார்கள். பாட்டு கேட்டவர்களை மாற்றியது அதற்குப் பிறகு.

எப்படி மாற்றியது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2017 ஏப்ரலில் லாஜிக் என்ற மேரிலாந்து ராப்பர் ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் தலைப்பே ஒரு தொலைபேசி எண்: 1-800-273-8255. தற்கொலைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் அப்போது அதுதான். இப்போது 988 என்று மூன்றே இலக்கமாகிவிட்டது. பாட்டில், உடைந்துபோன ஒருவன் அந்த எண்ணுக்குப் பேசுகிறான். மறுமுனையில் இருப்பவர் அவனை விடாமல் பிடித்துக்கொள்கிறார். முடிவில் வாழ வேண்டும் என்கிறான். அவ்வளவுதான் கதை. 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பாட்டு வெளியானது, எம்டிவி விருது விழா, 2018 கிராமி மேடை ஆகிய மூன்று தருணங்களையும் ஒட்டி, அந்தப் பாட்டைப் பற்றி ஊரே பேசிய 34 நாட்களைக் கணக்கெடுத்தார்கள். வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதல். எதிர்பார்த்த எண்ணிக்கையைவிடத் தற்கொலைகள் 245 குறைவு. பாட்டுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு தெரிகிறது என்றார்கள். எனக்கு அதுவே பெரிய சேதி.

தம்பிகளே, இதைக் கேட்டுக் கைதட்டினீர்கள், சரி. ஆனால் இந்த 245ஐப் பாட்டின் வரவில் எழுதினால், பெண்ணைக் கேவலப்படுத்தும் பாட்டையும் துப்பாக்கியைக் கொண்டாடும் பாட்டையும் ராப்பகலாகக் கேட்டால் மனதில் ஒன்றும் ஒட்டாது என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

பெற்றோரே, நீங்களும் சிரிக்க வேண்டாம். சற்றுமுன் இதே மேடையில் ஆறு வயதுக் குழந்தைகள் ஆடிய சினிமாப் பாட்டின் வரிகள் உங்களுக்குப் புரியாமலா இருந்தன? தமிழில் இருந்தால் பண்பாடு, ஆங்கிலத்தில் இருந்தால் சீரழிவா?

பாட்டின் பலத்துக்கு நம் ஊரிலிருந்தே இன்னோர் உதாரணம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் வருடக்கணக்கில் மனு கொடுத்தார்கள், வழக்காடினார்கள். வெளியூரில் பலருக்குத் தெரியவில்லை. 2015இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் வீடியோ போட்டார், உலகமே பார்த்தது. அடுத்த மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் சமரசம் செய்துகொண்டது. ஜெயித்தது தொழிலாளர்களின் பதினைந்து வருடப் பிடிவாதம். அவர்கள் குரலை ஊருக்குக் கேட்கவைத்தது பாட்டு.

விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இந்தப் பிள்ளைகள் தாங்களே எழுதிய ராப்பைப் பாடட்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தாலும் பரவாயில்லை. வரிகளை முன்கூட்டி வாங்கித் திருத்தாதீர்கள். நேரமில்லை என்று செயலாளர் சொல்லக்கூடும். சிறப்புரையில் அரை மணி நேரத்தை வெட்டிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.